வெயிலில் வெளிறிய புள்ளி

நகரும் இலக்குப் போட்டிக்கு என் பிஸ்டலில் எந்த ரெட் டாட் சைட்டைப் பூட்டுவது என்று ஒரு குளிர்காலம் முழுக்க மண்டையைக் குழப்பினேன். சின்னக் கண்ணாடிதான்; சுடுகிறவர் கண்ணுக்கு அதில் ஒரு சிவப்புப் புள்ளி தெரியும். நாங்கள் குடியேறிய டீட்டிகோன் ஊரில் எங்கள் கழகத்தின் சுடுகூடம் நிலத்துக்குக் கீழே இருந்தது. அந்த மங்கல் வெளிச்சத்தில் பெரிய புள்ளி இலக்கையே மறைத்தது. சின்னதை வாங்கினேன்.

போட்டி கோடையில், திறந்த வெளியில். நாட்டில் சண்டைக்குத் தப்பி ஓடி வந்த நாளிலிருந்து துப்பாக்கியைக் கண்டாலே முகம் திருப்பும் அப்பா, நான் கெஞ்சியதால் முதல்முறையாக வந்து பின்னால் வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தார். ஆளின் தலையும் தோளுமாக வெட்டிய அட்டைகள் தண்டவாளத்தில் குறுக்கே ஓடின. சைட்டின் வெளிச்சத்தை முழுக்கக் கூட்டியும் வெயிலில் புள்ளி வெளிறிப்போனது. அதைத் தேடிப் பிடிப்பதற்குள் அட்டை போய்விடும். ஒன்றிலும் படவில்லை.

திரும்பும் ரயிலில் சைட்டைத் திட்டிக்கொண்டே வந்தேன். அப்பா ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார்.

"ஓடினவையில ஒருத்தரிலயும் படேல்லை, பிள்ளை. எனக்கு அது நிம்மதி."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அட்டைகளை அவர் ஆட்களாகச் சொன்னது அப்போது காதில் ஏறவேயில்லை. அடுத்த கிழமையே பெரிய புள்ளியும் அகலக் கண்ணாடியும் உள்ள சைட்டை வாங்கினேன். அவரை மறுபடி கூப்பிடவில்லை.

அப்பா இப்போது இல்லை. புதிய சைட்டில் எந்த வெயிலிலும் புள்ளி பளிச்சென்று தெரிகிறது. ஆனால் அட்டை ஓடத் தொடங்கினால் எனக்கு முதலில் தெரிவது அதன் தோள்தான்.