பட்டி பார்த்த பித்தளை

என் கணவருக்கு எதுவும் அழகாக இருக்க வேண்டும். மண்ணூர்பேட்டையில் லேத் பட்டறை வேலை. வீட்டில் செருப்புகள் ஒரே வரிசையில் இல்லையென்றால் மனிதருக்குச் சோறு இறங்காது. அவரிடம் போய் உலோகத் துண்டுகள் கேட்டேன் பாருங்கள், என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

கேட்கக் காரணம் இருந்தது. மகன் பிறந்தபோது ஆசிரியை வேலையை விட்டவள், அவன் மூன்றாம் வகுப்புக்கு வந்தபின் மறுபடி தேட ஆரம்பித்தேன். இரண்டு பள்ளிகளில் இடைவெளி அதிகம் என்று கையை விரித்துவிட்டார்கள். ஆவடிப் பக்கம் கன்னியாஸ்திரீகள் நடத்தும் பள்ளியில் மட்டும், தலைமையாசிரியை சிஸ்டர் முன்னால் ஒரு டெமோ வகுப்பு எடுக்கச் சொன்னார்கள். பிடித்தால் வேலை. இதுவும் போனால் இனி யார் வாசலுக்கும் போவதில்லை என்று முடிவு செய்திருந்தேன்.

அடர்த்தியை வைத்து உலோகத்தைக் கண்டுபிடிக்கும் சோதனையை எடுத்துக்கொண்டேன். துண்டின் நிறையைக் கனஅளவால் வகுத்து, வரும் எண்ணைப் பட்டியலில் தேட வேண்டும். ஆனால் அம்பத்தூர் எஸ்டேட்டில் அப்பா வேலை பார்க்கும் பிள்ளைகள் பித்தளையைப் பார்த்ததுமே பெயரைச் சொல்லிவிடும். அதனால் எல்லாத் துண்டுகளுக்கும் கறுப்பு பெயிண்ட் அடித்துத் தரச் சொன்னேன். நகைக்கடைச் சரக்கு மாதிரி பளபளவென்று கொண்டுவந்து கொடுத்தார்.

வகுப்பில் செம்பும் அலுமினியமும் இரும்பும் சரியாக வந்தன. பித்தளைக்கு எட்டு புள்ளி நாலு வர வேண்டும். ஏழு புள்ளி ஒன்று வந்தது. திரும்பச் செய்யச் சொன்னேன், அதேதான். பட்டியலைப் பார்த்து, "துத்தநாகம் மிஸ்!" என்று கத்தினார்கள். கடைசி பெஞ்சில் சிஸ்டர். ஆமாம் என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. சொல்லத்தான் வாயெடுத்தேன்.

அதற்குள் ஒரு பெண் காம்பஸ் முனையால் பெயிண்டைச் சுரண்டிவிட்டாள். "மிஸ், இது மஞ்சளா கீதே மிஸ். துத்தநாகம் வெள்ளையா இல்ல இருக்கும்?"

"எனக்கும் புரியலம்மா" என்றேன். சிஸ்டர் தலை நிமிர்ந்ததைப் பார்த்ததும் வேலை போயிற்று என்றே நினைத்தேன். போனதுதான் போயிற்று என்று ஒரு தைரியம் வந்தது. "உங்க கணக்கும் சரி, இவ பாத்த கலரும் சரி. அப்ப என்ன நடந்திருக்கும்?"

கொஞ்ச நேரம் ஒரே இரைச்சல். அதே பெண்தான் சொன்னாள்: "உள்ள இன்னாவோ லேசா வச்சிகீறாங்க மிஸ்." துண்டின் அடிப்பக்கத்தில் காம்பஸைக் குத்தித் திருகினாள். பொலபொலவென்று சாம்பல் நிறப் பொடி கொட்டியது.

"மிஸ், யாரோ உங்களை நல்லா ஏமாத்திகீறாங்க!"

"என் வீட்டுக்காரர்தான்" என்று உளறிவிட்டேன். வகுப்பே சிரித்து உருண்டது. அந்தப் பிள்ளைகளை அப்போதே எனக்கு அவ்வளவு பிடித்துப்போனது. சிஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை. போன் செய்கிறோம் என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். முந்தைய இரண்டு பள்ளிகளிலும் முதலில் அப்படித்தான் சொன்னார்கள்.

பஸ்ஸில் வசவுகளைச் சேர்த்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். "பித்தளைக்குள்ள என்னத்த வச்சீங்க? சிஸ்டர் முன்னால கணக்கே தப்பா வந்துச்சு" என்றேன். "அதுல துளை போட்டிருந்துச்சு. ஓட்டையோட எப்படிக் குடுக்கறது, அசிங்கமா இருக்காது? அதான் பெயிண்டுக்கு முன்னாடி பட்டி பார்த்து அடைச்சேன்" என்றார், ஏதோ சாதனைபோல. நான் ஆரம்பிப்பதற்குள் போன் அடித்தது.

சிஸ்டர்தான். "திங்கட்கிழமை வந்து சேர்ந்துடுங்க டீச்சர். உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லி அதே மாதிரி அடைச்ச துண்டு இன்னும் கொஞ்சம் வாங்கிட்டு வாங்க. மத்த செக்‌ஷனுக்கும் வேணும்."

போனை வைத்துவிட்டு அவரிடம் சொல்ல வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது. அந்த மனிதர் தன்னால்தான் வேலை போய்விட்டது என்று நினைத்து, என் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்க ஆரம்பித்துவிட்டார்.