ஆளுண்டு

எழுபதுகளின் கடைசியில் மட்டாஞ்சேரியில் வீடு தேடியபோது எங்களுக்கு வாய்த்த தரகர் ஒல்லியான மனிதர். அந்தப் புழுக்கத்திலும் சட்டையின் கழுத்துப் பொத்தான்வரை போட்டிருப்பார். சாவிக்கொத்து கையில் இருந்தாலும், பூட்டிக் கிடக்கும் காலி வீட்டின் கதவை முதலில் மூன்று முறை தட்டுவார். கொஞ்சம் காத்திருந்துவிட்டுத்தான் திறப்பார். எனக்கு எரிச்சலாக வரும்.

அன்று நான்கு வீடுகள் பார்த்தோம். மூன்றாவது வீட்டைத் திறந்ததும் அவர் சட்டென்று ஒதுங்கி வழிவிட்டார். என் மனைவிக்காக என்று நினைத்தேன். மாடி ஜன்னலில் காயல் தெரிந்தது. "இதுதாங்க நம்ம வீடு" என்றாள் அவள்.

வெளியே வந்ததும் தரகர் தாழ்ந்த குரலில், "இது வேண்டாம் சாரே, ஆளுண்டு" என்றார்.

வேறு யாரோ பேசி முடித்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று, பக்கத்தில் சுள்ளிக்கல் பகுதியில் பார்த்த நான்காவது வீட்டை வாங்கினோம். அந்த ஜன்னலை மனைவி மறக்கவே இல்லை.

இரண்டு வருஷமாகியும் மூன்றாவது வீடு பூட்டியே கிடந்தது. ஒருநாள் சாயாக்கடையில் தரகரைப் பார்த்ததும் கேட்டே விட்டேன்.

"ஆளுண்டுன்னு சொன்னீங்களே, வாங்கின ஆளைக் காணோமே?"

அவர் கிளாஸைக் கீழே வைத்தார்.

"வாங்க ஆளுண்டுன்னு ஞான் எப்ப சொன்னேன் சாரே? உள்ளே ஆளுண்டுன்னல்லே சொன்னது."

எங்கள் வீட்டுக் கதவையும் அவர் அன்று தட்டியிருந்தார். அங்கே உள்ளிருந்து அவர் காதில் என்ன விழுந்தது என்று நான் விசாரிக்கவில்லை. ஆனால் ஊருக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம், சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, மூன்று முறை தட்டிவிட்டுத்தான் திறக்கிறேன்.