மேசன் மாயாண்டி அனுமதி கேட்ட கதை

வட்டக்கச்சியில் மேசன் மாயாண்டியின் கைபடாத வீடு குறைவு. எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தோடு மலையகத் தோட்டத்திலிருந்து கைக்குழந்தையாக வந்து சேர்ந்த மனிதர். முப்பது வருடம் ஊராருக்குச் சுவர் எழுப்பிவிட்டு, தான் மட்டும் தகரக் கொட்டிலில் கிடந்தார். இந்த வருடம்தான் சொந்த வீட்டுக்குப் பிளான் கீறுவித்து, பிரதேச சபையில் அனுமதி கேட்டார். வைகாசி பன்னிரண்டில் அத்திவாரம் வெட்ட நாளும் பார்த்தாயிற்று. அந்த நாள் தவறினால் அடுத்த நல்ல நாளுக்கு ஆவணி வரவேண்டும்.

நாளுக்குப் பத்து நாள் இருக்க, சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தர் தர்மிளா இடம் பார்க்க வந்தார். காணிக்கு முன்னால் போகும் ஒழுங்கையின் நடுவிலிருந்து அளவு நாடாவை இழுத்தார். பிளானைப் பார்த்தார், வேலியைப் பார்த்தார்.

"ஐயா, உங்கட வேலி நாலடி ஒழுங்கைக்குள்ள நிக்குது. வீட்டுக்கு முன்னால விடவேண்டிய தூரம் காணாது. வேலியை எடுத்து, வீட்டைப் பின்னுக்குத் தள்ளிக் கீறித் தாங்கோ."

வேறொன்றுமில்லை. வருடா வருடம் வேலி அடைக்கும்போது வேலித் தடியாக நட்டுப் பட்டுப்போன கிளுவைக் கதியாலைப் பிடுங்கிவிட்டு, புதியதை ஒரு சாண் வெளியே ஊன்றுவது எங்கள் பக்கத்துப் பழக்கம். அதை யாரும் களவென்று நினைப்பதில்லை. கேட்டால், வேலி தானாக நடந்தது என்பார்கள். ஊரார் வீட்டுக்கெல்லாம் ஒழுங்கை நடுவிலிருந்து அளந்த மேசன், தன் வீட்டுக்கு அந்த நடந்த வேலியிலிருந்து அளந்திருந்தார்!

"ஊருக்குத்தானே உங்கட உபதேசம்," என்று மனைவி சிவரூபி விழுந்து விழுந்து சிரித்தாள். மனிதரை வெட்கம் பிடுங்கித் தின்றது. அன்று பின்னேரமே கதியால்களைப் பிடுங்கி நாலடி உள்ளே ஊன்றினார்.

எதிர்வீட்டுச் சிவராசா எட்டிப் பார்த்தார். "என்ன மாயாண்டியண்ணை, வேலி பின்னுக்கு நடக்குது?"

"உன்ர வேலியும் ஒருநாள் நடக்கும், பொறு."

இரண்டு நாளில் புதுப் பிளானைக் கொண்டுபோய்க் கொடுத்தார். பிறகு நித்திரையில்லை. பதினோராம் தேதி விடியவே சபைக்குப் போய் வாசலில் நின்றார்.

சபைக் கந்தோரில் கடிதம் கொடுக்கும் கிருபனுக்கு மாயாண்டியை நன்றாகத் தெரியும். எத்தனையோ பேரின் அலுவலுக்குக் கூட வந்து நின்றவர். மாயாண்டி கோப்பு இலக்கத்தைச் சொன்னதும், கோப்பைத் திறந்து பெயர் பாராமலே கிருபன் சொன்னார்: "அண்ணை, அனுமதிக் கடிதம் வந்திட்டுது. ஆனா மேசன்மாரிட்டக் குடுக்கேலாது. வீட்டுக்காரரை வரச் சொல்லுங்கோ."

மாயாண்டி வாய் நிறையச் சிரித்தார்.

"வந்துதான் நிக்கிறன், தம்பி. வீட்டுக்காரன் நான்தான்."