இரட்டை ஆறுக்கு எழுந்து நின்றவர்கள்

டொமினோவை உலகத்தில் எங்கெங்கோ ஆடுகிறார்கள். எல்லோரும் உட்கார்ந்துதான் ஆடுகிறார்கள். மாத்தளைப் பக்கத்தில் மட்டும், நான் சொல்லும் அந்த வருடங்களில், நாலு பேரில் ஒருவர் நின்றுகொண்டே ஆடினார். முதல் ஆட்டத்தில் இரு பக்கமும் ஆறு புள்ளி போட்ட இரட்டை ஆறு கட்டை யார் கைக்கு வந்ததோ, அவர் அன்றைய ஆட்டமெல்லாம் முடியும்வரை உட்காரக் கூடாது. இது சட்டம். இந்தப் பாழாய்ப்போன சட்டத்தால் என் கல்யாணமே நின்றுபோகப் பார்த்தது. இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஆட்டம் நடந்தது அலுவிகாரையில் ஒரு பேக்கரியின் பின்பக்கம். மாதா கோயிலில் ஞாயிறு பூசை முடிந்ததும் கூடுவார்கள். என் அப்பா பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் மருந்து கொடுக்கிறவர். ஊரே அவரை டாக்டரையா என்றது. சீமைக்குத் திரும்பிப்போன துரை ஒருவர் விட்டுப்போன டொமினோ கட்டைகளைக் கொண்டுவந்தவர் அவர்தான். சட்டத்தைச் சொன்னவரும் அவரே.

"துரைமார் கிளப்ல அப்படித்தாங்க. இரட்டை ஆறுன்னா ராசா மாதிரி. கையில வந்தா எழும்பி நிக்கணும்."

ஒருத்தரும் மறுபேச்சுப் பேசவில்லை. டாக்டரையா சொன்னால் விளக்கெண்ணெயே குடிக்கிற சனம், நிற்கச் சொன்னால் நிற்காதா?

சட்டம் பஸ் ஏறி ஊர் ஊராகப் போனது. யட்டவத்த சந்தையில் மிளகு வியாபாரிகள் நின்றார்கள். அங்கே ஓர் இடதுசாரி வாத்தியார் மட்டும், "சுதந்திரம் கிடைச்சு எத்தன வருசமாச்சு, இன்னும் என்னத்துக்கு ராசாவுக்கு எழும்புறது?" என்று பாயில் படுத்துக்கொண்டு ஆடினாராம். லக்கலக்காரர்களோ சட்டமே தங்களுடையது என்றார்கள். காடு வெட்டிப் பயிரிட்ட சேனைக்குக் காவலிருந்து ஆடும்போது யானை வருகிறதா என்று பார்க்க ஒருவன் நிற்க வேண்டுமாம். கேட்க நியாயமாக வேறு இருந்தது.

உண்மை எனக்குத் தெரியும். அப்பாவுக்கு உட்காரும் இடத்தில் ஒரு கட்டி. எலுமிச்சங்காய் அளவு. தன் கண்ணுக்கு எட்டாத இடம் என்பதால் என்னைப் பார்த்துச் சொல்லச் சொன்னார். எஸ்.எஸ்.சி. எழுதிவிட்டுச் சும்மா இருந்த நான் பார்த்தேன், பார்க்காமலே இருந்திருக்கலாம். ஊரார் கட்டியையெல்லாம் ஆற்றுகிறவருக்குத் தன் கட்டியை ஆற்றத் தெரியவில்லை என்றால் மானம் என்னாவது? அந்த ஞாயிறு அவருக்கு இரட்டை ஆறு வந்தது. கூடவே சட்டமும் வந்துவிட்டது. கட்டி எட்டு நாளில் உடைந்து ஆறியது.

ஏழு வருடம் கழித்து, பேக்கரி முதலாளியின் மகளை எனக்குக் கேட்டுப் போனோம். எனக்கும் அவளுக்கும் ஏற்கெனவே மனசு ஒத்துப்போயிருந்தது. அவளுக்குச் சிலாபத்திலும் ஓர் இடம் பார்த்துவைத்திருந்தார்கள். முதலாளி தேத்தண்ணியும் பணிசும் வைத்தார். சீதனத்தைப் பற்றி மூச்சே விடவில்லை.

"இரட்டை ஆறுக்கு எழும்புற சட்டம் எங்கருந்து வந்துச்சு? டாக்டரையா அத மட்டும் சொல்லட்டும். அடுத்த ஞாயிறே கோயில்ல கல்யாண ஓலை வாசிக்கச் சொல்றேன்."

"துரைமார் கிளப்ல..." என்று அப்பா தொடங்கினார்.

"அப்ப பேச்சு முடிஞ்சுதுங்க."

அட கடவுளே! கல்யாணம் நின்றுபோக உலகத்தில் எத்தனை கௌரவமான காரணங்கள் இருக்கின்றன. எனக்கு வாய்த்தது டொமினோ!

மூன்று வாரம் போனது. சிலாபத்துக்காரர்கள் பெண் பார்க்க வருவதாகச் செய்தி வந்த அன்று நான் அப்பாவிடம் கத்தினேன்.

"ஒரு கட்டிக்காக நான் அவள விடணுமா? நீங்க சொல்றீங்களா, நான் போய்ச் சொல்லட்டா?"

"நீ சொல்லாத," என்றார். சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கி நடந்தார். நான் பின்னாலேயே போனேன்.

ஞாயிற்றுக்கிழமை. பேக்கரியின் பின்பக்கம் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. முதலாளிதான் நின்றுகொண்டிருந்தார். வாரமெல்லாம் போறணைக்கு முன்னால் நின்று பாண் சுடுகிற மனிதர். கால் நரம்பெல்லாம் புடைத்துக் கிடந்தது. அப்பா எல்லோர் முன்னாலும் சொன்னார்.

"சட்டம் கிட்டம் ஒன்னுமில்லீங்க. அன்னைக்கு எனக்குப் பின்னால கட்டி. உக்கார முடியல. வெக்கத்துல பொய் சொல்லிட்டேன்."

கொல்லென்று சிரிப்பார்கள் என்று பார்த்தேன். முதலாளி முகத்தைப் பார்த்து ஒருவரும் சிரிக்கவில்லை.

"தெரியுங்க," என்றார் அவர். "அன்னைக்குக் காலையில எங்க கடைக்குத்தான பழைய பாண் வாங்க ஆளனுப்புனீங்க? பால்ல ஊறவச்சு ஐயாவோட கட்டிக்கு வைக்கணும்னு வந்தவனே சொல்லிட்டான்."

"தெரிஞ்சுமா ஏழு வருசம் நின்னீங்க?" என்று கேட்டார் அப்பா.

"நான் உக்காந்தா மத்தவங்க ஏன்னு கேப்பாங்களே. சம்பந்தியாகப் போறவரு, என்கிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லட்டுமேன்னுதான் இருந்தேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் மறைக்கவும் இல்லை. அப்பா முதலாளியின் தோளைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தார். அவர் கையிலிருந்த கட்டைகளை வாங்கிக்கொண்டு, ஆட்டம் முடியும்வரை அவருக்குப் பதிலாகத் தான் நின்றார்.