மூன்றாவதாக இருந்தவர்

எங்கள் ஊரில் டிஷ் என்னும் நற்செய்தியை வீடு வீடாகக் கொண்டு திரிந்தவர் என் மாமா, அம்மாவின் தமையன். ஊர்காவற்றுறையில் துறைமுகத்துக்குப் போகும் தெருவில் ரேடியோவும் ரீவியும் திருத்துகிற கடை வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சனம் கோயில் வாசலுக்கு வரும்போதே மடக்கிப் பிடித்துவிடுவார். அன்டெனாவின் காலம் முடிந்தது, அக்கரையில் இந்தியாவின் ரீவிக் கோபுரத்தையும் ஒரு நாள் நிற்பாட்டிவிடுவார்கள், இனி எல்லாம் டிஜிட்டல்தான், இப்போதே ஆயத்தமாகுங்கள் என்பார். சுவாமியார் பிரசங்கத்தில் சொல்லும் கடைசி நாளுக்கு அசையாதவர்கள்கூட மாமாவின் கடைசி நாளுக்குக் கொஞ்சம் பயந்தார்கள்.

"டிஜிட்டல் எண்டா என்ன தெரியுமோ?" என்று கேட்டுவிட்டு விடையையும் அவரே சொல்வார். "வந்தா முழுசா வரும். இல்லாட்டி வரவே வராது. இந்த அரைகுறை விளையாட்டெல்லாம் அதிலை இல்லை."

எங்களுக்கோ அரைகுறைதான் பழகிப்போயிருந்தது. இந்தியப் படம் கடல் தாண்டி வரவேண்டும். காற்றடித்தால் நெளியும். மழை இருட்டினால் புள்ளி புள்ளியாகப் பொரியும். நல்ல நாட்களிலும் ஒவ்வொரு ஆளுக்கும் பக்கத்தில் இன்னொரு ஆள் நிழல்போல ஒட்டிக்கொண்டு நிற்பார். அப்பா முற்றத்தில் நின்று அன்டெனாக் குழாயைத் திருப்ப, நான் ரீவிக்கு முன்னால் நின்று "வருது, வருது, ஐயோ போட்டுது" என்று கத்துவேன். எனக்குப் பத்து வயது. அந்த வேலையில் நான் கெட்டிக்காரி என்று எனக்கு ஒரு நினைப்பு.

அந்த வருடம் வாடைக்காற்றுக் காலத்தில், கடற்படை கொடுத்த பாஸுடன் அப்பாவும் சித்தப்பாவும் ஒரே வள்ளத்தில் கடலுக்குப் போனார்கள். சித்தப்பா என்றால் அம்மாவின் தங்கையின் கணவர். சின்னம்மாவின் வீடு எங்கள் வேலிக்கு அடுத்த பக்கம். விடியப் போனவர்கள் பொழுதுபடுமுன் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கடலில் என்ன நடந்தது என்று உரத்துக் கேட்கக்கூடிய காலமல்ல அது. அம்மாவும் சின்னம்மாவும் முகாம் வாசலில் போய் நின்று கேட்டார்கள். அங்கே கிடைத்த பதில், தெரியாது. கோயிலில் கேட்டால், செபியுங்கள்.

ஒரேயொரு நம்பிக்கை மிச்சமிருந்தது. இயந்திரம் பழுதான வள்ளங்களை வாடைக்காற்று அக்கரைக்குத் தள்ளிவிடும். அங்கே பிடித்து மறியலில், சிறையில் அடைத்து வைப்பார்கள். சில மாதங்கள் கழித்து ஆள் தாடியும் மீசையுமாக வந்து சேரும். எங்கள் ஊரிலேயே அப்படி வந்தவர்கள் இருந்தார்கள். அதனால் பின்னேரம் கரண்ட் வந்ததும் அம்மா அக்கரைச் செய்திக்கு ரீவியைப் போடுவார். சின்னம்மாவும் வந்துவிடுவார். இரண்டு பேரும் நிலத்தில் குந்திக்கொண்டு, முக்கால்வாசி விளங்காத தேர்தல் செய்திகளையெல்லாம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

ஒரு நாள் வந்தது. எல்லை தாண்டிய இலங்கை மீனவர்கள் என்று ஒரு செய்தி. மணலில் ஆட்களை வரிசையாக இருத்தியிருந்தார்கள். படம் வழக்கம்போல நெளிந்தது. மூன்றாவதாக இருந்தவர் தலையில் துவாயைக் கட்டி, ஒரு முழங்காலை மடித்துக் கையை அதன்மேல் போட்டிருந்தார்.

"அந்தா, உன்ர அப்பா," என்றார் அம்மா என்னிடம்.

"அக்கா, இவர். இவரேதான்," என்றார் சின்னம்மா.

படம் மாறிவிட்டது. இரண்டு பேரும் கட்டிப்பிடித்து அழுதார்கள். நானும் அழுதேன். அவ்வளவு சந்தோசமான அழுகையை அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் நான் பார்க்கவில்லை. அழுது முடித்து, மூக்கைச் சீறி, ஆண்டவருக்கு நன்றி சொன்ன பிறகுதான் இரண்டு பேரும் காட்டியது ஒரே ஆளை என்பது மெல்ல மெல்ல வெளிச்சத்துக்கு வந்தது.

முதலில் சண்டை வரவில்லை. ஒருவரையொருவர் ஆறுதல்படுத்தினார்கள். வினையே அங்கேதான் தொடங்கியது.

"நீ பயப்பிடாதை. உன்ர மனிசனும் அங்கைதான் எங்கையாவது இருப்பார். கமராக்காரன் எடுக்கேல்லை," என்றார் அம்மா.

"ஏன் என்ர மனிசன் எங்கையாவது இருக்கவேணும்? அத்தானைத்தான் அவங்கள் எடுக்கேல்லை. துவாயை அப்பிடிக் கட்டுறது இவர்தான், அக்கா."

"இருபது வருசமா என்னோடை இருக்கிற மனிசன் குந்துற குந்து எனக்குத் தெரியாதோ?"

"அப்ப எனக்குக் கண் தெரியாதோ?"

நான் புத்திசாலித்தனமாக ஒரு வழி சொன்னேன். படத்தில் ஒவ்வொரு ஆளுக்கும் பக்கத்தில் ஒரு நிழல் ஆள் தெரிகிறதே, ஆளுக்கொன்றாக எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். யாரும் சிரிக்கவில்லை. அம்மா என் முதுகில் ஒன்று வைத்தார்.

சின்னம்மா எழும்பிப் போனவர்தான். அதோடு இரண்டு வீட்டுக்கும் கதை பேச்சு நின்றுபோனது. கிணற்றடியில் கண்டால் ஒருவர் வாளியை வைத்துவிட்டு விலகிப்போவார். கோயிலில் அந்தோனியார் சுரூபத்தின் முன்னால் அம்மா ஒரு மெழுகுதிரி கொளுத்துவார். அவர் நகர்ந்ததும் சின்னம்மா இன்னொன்று கொளுத்துவார். காணாமல் போனவற்றைத் தேடிக்கொடுக்கும் அந்தோனியாருக்கே எந்த வீட்டில் கொண்டுபோய் விடுவது என்று தலை சுற்றியிருக்கும். ஆனால் ஒன்று சொல்லவேண்டும். அந்த நாட்களில் அம்மா தலை இழுத்துக் கட்டினார். அப்பாவின் சேட்டுகளைத் தோய்த்துக் காயப்போட்டார். வேலிக்கு அந்தப் பக்கம், சின்னம்மா தன் வீட்டு அடுப்படியில் எதையோ பொரிக்கும் மணம் வந்தது.

பிடிபட்டவர்களை இரண்டு கிழமை கழித்துத் திரும்பவும் கோட்டுக்கு, நீதவான் முன்னால் கொண்டுவருவார்கள் என்று செய்தியில் சொல்லியிருந்தார்கள். அப்போது கட்டாயம் படம் காட்டுவார்கள். அதற்குள் டிஷ் பூட்டினால் ஆள் யார் என்று தெரிந்துவிடும். இதை முதலில் சொன்னது மாமாவல்ல, அம்மா. இரண்டு நாள் கழித்துச் சின்னம்மாவும் தனியாகக் கடைக்குப் போய் இதையே கேட்டாராம். வருடக்கணக்காக ஊருக்குப் பிரசங்கம் செய்த மனிதர், தன் இரண்டு தங்கைகளும் வந்து கேட்டபோது ஏனோ இழுத்தடித்தார். "இப்ப என்ன அவசரம், கப்பலிலை சாமான் வரட்டும்," என்றார். அம்மா விடவில்லை.

சாமான் வந்தது. காவலரணில் காட்டி, கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லி, ஒரு சனிக்கிழமை மாமா அதை எங்கள் கூரையில் ஏற்றினார். அன்டெனாக் குழாயைச் சரித்து வேலியோரம் கிடத்தினார். நான் ரீவிக்கு முன்னால் என் இடத்தில் நின்றேன். நீலத் திரை நெடுநேரம் சும்மா கிடந்தது. பிறகு சட்டென்று முழுப் படம். செய்தி வாசிக்கிற பெண்ணின் சேலைக் கரையில் இருந்த பூக்கள்கூடத் தெரிந்தன. அவருக்குப் பக்கத்தில் நிழல் ஆள் இல்லை. வாழ்க்கையில் அவ்வளவு வடிவான ஒன்றை நான் கண்டதில்லை. ஊர் முழுக்க ஓடிப்போய்ச் சொன்னேன்.

கோட்டு நாள் பின்னேரம் சின்னம்மா வந்தார். அம்மாவைப் பார்க்காமல் கதவு நிலையோடு சாய்ந்து நின்றார். மாமா கதிரையில். செய்தி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் பிடிபட்டவர்கள் திரையில் வந்தார்கள். பொலிஸ் வாகனத்திலிருந்து ஒவ்வொருவராக இறங்கினார்கள். மூன்றாவதாக இறங்கியவர் தலையில் அதே துவாய். அவர் கமராவை நேராகப் பார்த்தார்.

அது ஒரு பெடியன். இருபது வயதுகூட இராது. அரும்பு மீசை, கன்னத்தில் ஒரு தழும்பு. எங்கள் ஊர் ஆளுமில்லை, எங்களுக்குத் தெரிந்த எந்த ஊர் ஆளுமில்லை. அவனுக்குப் பின்னால் இறங்கியவர்களின் முகங்களும் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. ஒன்றுகூட எங்களுடையதாக இல்லை.

மாமா கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பினார். "டிஷ் கொஞ்சம் விலகியிருக்கு, நான் ஏறித் திருப்பிப் பாக்கிறன்," என்று சொல்லி வெளியே போய்க் கூரையில் ஏறினார். ஓடுகள் நெரிபடும் சத்தம் கேட்டது. மேலே நின்று, "இப்ப எப்பிடி? இப்ப?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். என்ன கத்துவதென்று எனக்குத் தெரியவில்லை. படத்தில் எந்தக் குறையும் இல்லை.

அம்மா முற்றத்துக்குப் போய் அண்ணாந்து பார்த்தார்.

"அண்ணை, இறங்கி வாங்கோ. வடிவாத் தெரியுது."

மாமா உடனே இறங்கவில்லை. அங்கேயே இருந்துவிட்டார். முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர் இறங்கி வந்தபோது உள்ளே ரீவியை யாரோ நிற்பாட்டியிருந்தார்கள். அதற்குப் பிறகு மாமா கோயில் வாசலில் யாரையும் பிடித்து வைத்து டிஜிட்டல் பற்றிச் சொன்னதாக நான் அறியவில்லை.

அன்றிரவு சின்னம்மா தன் வீட்டுக்குப் போகவில்லை. அம்மாவும் அவரும் ஒரே பாயில், ஒருவர் கையை ஒருவர் பிடித்தபடி படுத்திருந்தார்கள். எனக்குச் சொல்லமுடியாத சந்தோசம். காலையில் பள்ளிக்கூடத்துக்குப் போனதும் பக்கத்தில் இருந்த பிள்ளையிடம் முதல் வேலையாக அதைத்தான் சொன்னேன்.

"எங்கட அம்மாவும் சின்னம்மாவும் நேசமாகிட்டினம்."

அவர்கள் கோபித்துக்கொண்டு முகம் பாராமல் திரிந்த அந்த இரண்டு கிழமைதான் அப்பாவும் சித்தப்பாவும் எங்கள் வீடுகளில் உயிரோடிருந்த கடைசி இரண்டு கிழமை என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.