பழுதுகாட்டிக்குள் அய்யாசாமி

மண்ணூர்பேட்டையில் அய்யாசாமியின் முகம் தெரியாதவர்கள் இருந்தார்கள். குரல் தெரியாதவர்கள் கிடையாது. அதுவும் அவருடைய சொந்தக் குரல் இல்லை. மண்ணெண்ணெய் ஊற்றுகிற தகரப் புனலை வாயில் வைத்துக்கொண்டு ஆளுயரப் பெட்டிக்குள் உட்கார்ந்து பேசிய குரல். மனுஷனுக்குக் கிடைத்த பேரும் புகழும் பெட்டிக்குள்தான் கிடைத்தது. அவர் வாழ்க்கை குட்டிச்சுவரானதும் அதே பெட்டிக்குள்தான்.

அறுபத்தாறாம் வருஷம் ஆயுதபூஜைக்கு அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் தொழிலாளிகள் சிலர் சேர்ந்து நாடகம் போடக் கிளம்பினார்கள். மற்ற கம்பெனிக்காரர்கள் ராஜா ராணி கதையோடு திருப்திப்பட்டுக்கொண்டிருக்க, இவர்களுக்கு வாய்த்த ரகுநாதனுக்கு மட்டும் புத்தி வேறு பக்கம் போயிற்று. வரைபடப் பிரிவில் வேலை பார்த்த ஆள். காலத்துக்குள் பயணம் போகிற கப்பல் ஒன்றைப் பற்றி எழுதி, கேப்டன் வேஷத்தையும் தானே எடுத்துக்கொண்டார். கப்பல் அம்பத்தூரில் புறப்பட்டுப் பல்லவர் காலம், சோழர் காலம் என்று போகும். போன இடத்தில் எல்லாம் படுத்துக்கொள்ளும். எங்கே கோளாறு என்று கண்டுபிடித்துச் சொல்ல அந்தக் கப்பலில் ஒரு கருவி உண்டு. அதற்குப் பெயர் பழுதுகாட்டி. அதைச் செய்கிற வேலை அய்யாசாமி தலையில் விழுந்தது.

அய்யாசாமியின் அப்பா வேப்பம்பட்டில் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர். மகன் ரயிலேறி வந்து, மின்சாரப் பலகை செய்கிற ஒரு சின்னக் கம்பெனியில் எடுபிடியாகச் சேர்ந்து, வயர்மேன் ஆகியிருந்தார். அவர் சட்டைப்பையில் எப்போதும் ஒரு டெஸ்ட் லேம்ப் இருக்கும். ஒரு பல்பு, இரண்டு ஒயர், அவ்வளவுதான். எங்கே கரண்ட் வருகிறது, எங்கே நிற்கிறது என்று அதை வைத்துத்தான் பார்ப்பார். ஆனால் பார்ப்பதற்கு முன்னால், கரண்ட் இருக்கிறது என்று நிச்சயமாகத் தெரிந்த இடத்தில் ஒரு முறை தொட்டு எரிகிறதா என்று பார்த்துக்கொள்வார். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கும் அதையே சொல்வார்.

"வௌக்கு எரியலைன்னா கரண்ட் இல்லன்னு நெனச்சிக்காதே. வௌக்கே செத்துப்போயி இருக்கும். மொதல்ல அத்தப் பாரு."

பெட்டியை அவர் ஏனோதானோ என்று செய்யவில்லை. பேக்கிங் பலகையை அறுத்து ஆளுயரத்துக்கு அடித்து, முன்பக்கம் பதினெட்டு பல்பு வைத்து, ஒவ்வொன்றின் மேலும் கலர்க் காகிதம் ஒட்டி, கீழே பெயர் எழுதினார். எரிபொருள், காற்றுக்குழாய், கால முள், கதவு என்று வரிசையாகப் போய் கடைசியில் ஓட்டுபவர். உள்ளே ஒரு முக்காலி, பதினெட்டு சுவிட்ச், அந்தப் புனல். வெளியே பார்க்க நாலணாக் காசு அளவுக்கு ஒரு ஓட்டை. கேப்டன் கேட்டதும் பல்பு எரியும், புனல் குரல் கோளாறைச் சொல்லும். நாடகத்தின் முடிவில் கேப்டன், "பழுதுகாட்டியே, இனி ஏதேனும் பழுது உண்டோ?" என்பார். எல்லா விளக்கும் அணையும். "பழுது ஏதுமில்லை. பயணம் தொடரலாம்" என்று குரல் வரும். திரை விழும். விசில் பறக்கும்.

வருஷா வருஷம் அதே நாடகம்தான். ஜனங்களுக்கும் அது அலுக்கவில்லை.

அய்யாசாமியின் மனைவி நாகவல்லிக்கு அந்தப் பெட்டி என்றால் உயிர். கலர்க் காகிதம் வெட்டி ஒட்டினதே அவள்தான். கல்யாணமாகிப் பத்து வருஷம் ஆகியும் குழந்தை இல்லை. இந்த விஷயத்தில் ஊர் வாய் எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. குழாயடியில் ஒன்று, கல்யாண வீட்டில் ஒன்று என்று அவள் வாங்கிக் கட்டிக்கொண்டு வருவாள். வீட்டில் அய்யாசாமியின் அம்மா ராஜம்மா வேறு. கெட்டவர் இல்லை, ஆனால் வாயைத் திறந்தால் அந்தப் பேச்சில்தான் முடிப்பார். ஒரே அறை. புருஷனும் பெண்டாட்டியும் தனியாக நாலு வார்த்தை பேசிக்கொள்ள அந்த வீட்டில் இடமில்லை.

அறுபத்தொன்பதாம் வருஷம், ஆயுதபூஜைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ஒத்திகை முடிந்ததும் வேடிக்கை பார்க்க வந்த பெண்கள் பெட்டியைச் சூழ்ந்துகொண்டார்கள். எங்கள் பழுதையும் சொல்லட்டும் என்று ஒரே ரகளை. அய்யாசாமிக்கும் குஷி பிறந்துவிட்டது. புஷ்பா வந்து நின்றாள்; காற்றுக்குழாய் விளக்கை எரியவிட்டு, "வாய் ஓயவில்லை" என்றார். முத்தம்மாளுக்குக் கதவு விளக்கு. "காது அடைப்பு. கணவன் சொல் கேட்கவில்லை." பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

கடைசியாக நாகவல்லி வந்தாள். ஓட்டை வழியாக முந்தானையும், அதற்கு மேலே இடது பக்கம் வைத்திருந்த கையும்தான் அவருக்குத் தெரிந்தன. சுருக்குப்பையைச் செருகிக்கொள்கிறாள் என்று நினைத்தார்.

"எனுக்கு இன்னா பழுது, சொல்லு" என்றாள்.

சிரிப்பு நின்றுவிட்டது. பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள் என்று பெட்டிக்குள் இருந்தே அவர் ஊகித்தார். அவர்கள் மனதில் என்ன ஓடும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். பத்து வருஷமாக அவள் வாங்கின பேச்சுக்கெல்லாம் ஊரைக் கூட்டிவைத்துப் பதில் சொல்ல ஒரு சந்தர்ப்பம் கிடைத்தது என்றுதான் அவர் எண்ணினார். எல்லா விளக்கையும் அணைத்தார். புனலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தெருமுனை வரை கேட்கிற மாதிரி சொன்னார்.

"பழுது ஏதுமில்லை. ஒரு பழுதும் இல்லை. பயணம் தொடரலாம்."

நாகவல்லி மற்றவர்களைவிடக் கொஞ்ச நேரம் கூடுதலாக அங்கே நின்றாள். பிறகு சிரித்துக்கொண்டே போனாள். அய்யாசாமிக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. அவர் வாழ்க்கையில் தன்னைப் பற்றிப் பெருமைப்பட்டது அந்த ஆறேழு மாதம்தான்.

சித்திரையில் அவளால் இடது கையைத் தூக்கிக் கொடியில் துணி போட முடியவில்லை. பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள். பெண் டாக்டர் மார்பையும் அக்குளையும் தொட்டுப் பார்த்துவிட்டு, கட்டி எத்தனை நாளாக இருக்கிறது என்று கேட்டார்.

"ஆயுதபூஜைக்கு முன்னாலேர்ந்து" என்றாள் நாகவல்லி.

டாக்டர் கோபப்படவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு, அப்போதே வந்திருந்தால் ஏதாவது செய்திருக்கலாம் என்று மட்டும் சொன்னார்.

வெளியே வேப்பமரத்தடியில் ஒரு சிமெண்டு மேடை இருந்தது. இரண்டு பேரும் அதில் உட்கார்ந்தார்கள். கல்யாணமான நாளிலிருந்து அப்படித் தனியாக உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா, நாகு?"

"சொன்னேனே."

"எப்போ சொன்னே?"

"பொட்டியாண்ட வந்து கேட்டேனே, எனுக்கு இன்னா பழுதுன்னு. கைய அங்கதான் வெச்சிகினு இருந்தேன். ஓட்ட வழியா நீ பாப்பேன்னு நெனச்சேன்."

அய்யாசாமி மேடையை விட்டு எழுந்து, திரும்பவும் உட்கார்ந்தார்.

"ஊட்ல அத்த கீறாங்க. மூஞ்சிக்கு நேரா சொல்லவும் வெக்கமா இருந்திச்சி. பொட்டின்னா உன் மூஞ்சி தெரியாது பாரு, அதான் வந்து கேட்டேன்."

"நான் கொயந்த விசயம்னு நெனச்சிட்டேன் நாகு. அவளுங்க வாய அடைக்கணும்னு..."

"தெரியும். ஊட்டுக்கு வந்தப்புறம் புரிஞ்சிது. ஆனா நீ அவ்ளோ கெட்டியா சொன்னியா, மனசுக்குத் தெம்பா இருந்திச்சி. இன்னொரு தபா கேட்டு அந்தத் தெம்பக் கெடுத்துக்க மனசு வர்ல."

அவள் குறையாகச் சொல்லவில்லை. இரண்டு திட்டு திட்டியிருந்தால் மனுஷன் எப்படியோ தாங்கியிருப்பார். அவளோ, டீ வாங்கிக்கொண்டு வரச் சொல்லி, அதில் பாதியை அவரையே குடிக்க வைத்தாள்.

ஆடி மாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை, பகல் பதினோரு மணிக்கு நாகவல்லி போய்ச் சேர்ந்தாள். எஸ்டேட்டில் பாதிப் பேர் வந்து நின்றார்கள். ராஜம்மா மார்பில் அடித்துக்கொண்டு அழுதார். அய்யாசாமி அழவில்லை. டெஸ்ட் லேம்பைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தார். எரியாத விளக்கை நம்பாதே என்று ஊருக்கெல்லாம் சொன்ன வாய், பதினெட்டு விளக்கையும் அணைத்துவிட்டு அவளை நம்பச் சொல்லியிருந்தது. அது அவருக்கு மட்டும்தான் தெரியும். யாரிடமும் சொல்லவும் இல்லை.

புரட்டாசி பிறந்ததும் ரகுநாதன் தயங்கித் தயங்கி வீட்டுக்கு வந்தார்.

"இந்த வருஷம் உன்னால முடியாதுன்னு தெரியும் அய்யாசாமி. பெட்டியை மட்டும் குடு. வேற யாரையாவது உட்கார வெச்சுக்கறோம்."

"வேற எவனுக்கும் சுச்சு புரியாது சார். நானே ஒக்கார்றேன்."

நாடகத்தன்று மத்தியானமே போய்ப் பதினெட்டு பல்பையும் ஒவ்வொன்றாகச் சோதித்தார். கலர்க் காகிதம் இரண்டு இடத்தில் கிழிந்திருந்தது. மாற்றவில்லை. பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் பெட்டியின் நெற்றியில் இருந்தன. சாயந்திரம் உள்ளே போய் முக்காலியில் உட்கார்ந்தார். ஓட்டை வழியாகப் பார்த்தால் கேப்டன் நிற்கிற இடம் தெரியும். போன வருஷம் அவள் நின்றதும் அங்கேதான்.

நாடகம் ஒழுங்காகவே போயிற்று. எரிபொருள் என்றால் எரிபொருள், கால முள் என்றால் கால முள். விளக்கு ஒன்றுகூடத் தப்பவில்லை. கடைசிக் காட்சி வந்தது.

"பழுதுகாட்டியே, இனி ஏதேனும் பழுது உண்டோ?"

விளக்குகள் அணையவில்லை. குரல் வரவில்லை. கூட்டத்தில் சலசலப்பு. ரகுநாதன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு இன்னொரு தரம் கேட்டார்.

"பழுதுகாட்டியே, எங்கே பழுது?"

பெட்டிக்குள் அய்யாசாமி புனலைக் கீழே வைத்தார். பதினெட்டு சுவிட்சையும் போட்டார். பெட்டி முழுக்க எரிந்தது. அப்புறம் சொந்தக் குரலில், உடைந்துபோய்ச் சொன்னார்.

"இங்கதான் சார். இந்தப் பொட்டிலதான்."

பிறகு கூட்டம் சிரித்தது பாருங்கள், கீற்றுக்கொட்டகையே பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி. கோளாறு சொல்கிற கருவியே கோளாறாம். விசில், கைதட்டல், திரும்பச் சொல்லு என்று கூச்சல். திரை விழுந்ததும் ரகுநாதன் ஓடி வந்து, பெட்டிக் கதவைத் திறந்து, முழங்காலில் முகம் புதைத்திருந்தவரின் முதுகில் தட்டினார்.

"நான் எழுதினதைவிட இது பிரமாதம்யா. வருஷா வருஷம் இதையே சொல்லிடு."

சொன்னார். எழுபத்தாறு வரைக்கும், அந்த நாடகம் நின்றுபோகிற வரைக்கும், ஒவ்வொரு ஆயுதபூஜைக்கும் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டுத்தான் வெளியே வந்தார். எஸ்டேட்டில் மெஷின் நின்றால்கூட ஆட்கள் "இங்கதான் சார்" என்று சொல்லிச் சிரிக்கிற அளவுக்கு அது பரவியது. அவர் யாரையும் தடுக்கவில்லை. வேறு கல்யாணமும் செய்துகொள்ளவில்லை.

கடைசி நாடகம் முடிந்து சாமான்களை வண்டியில் ஏற்றுகிறபோது, திரை இழுக்கிற வேம்புலி கேட்டான்.

"அண்ணாத்தே, அந்த டயலாக்க எப்டி புட்சே?"

"ஒருத்தி கேட்டா. பதில் சொல்ல லேட்டாயிடுச்சி" என்றார் அய்யாசாமி.

வேம்புலி அதற்கும் சிரித்தான்.