ஆணியில் இல்லாத தூக்குவாளி

நான் வாழும் நியூசிலாந்துச் சிறுநகரத்தில், ஒழுகிய குழாயைச் சரிசெய்த பீட்டர் காசு வாங்கவில்லை. இங்கே 'டைம் பேங்க்' என்று ஒன்று வைத்திருக்கிறோம். பணத்துக்குப் பதில் நேரம். அவர் எனக்கு ஒரு மணி நேரம் உழைத்தார். நான் வேறொருவருக்கு ஒரு மணி நேரம் திரைச்சீலை தைத்தேன். வக்கீலின் ஒரு மணியும் என்னுடைய ஒரு மணியும் அதில் ஒன்றுதான் என்பது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பீட்டருக்குக் கேசரி கொண்டுபோன அன்றுதான் சங்கடம். "இதற்கு எத்தனை நிமிடம் போடட்டும்?" என்று கணக்கில் ஏற்றப் போனை எடுத்தார். சும்மா தந்தது என்று புரியவைப்பதற்குள் கேசரி ஆறிவிட்டது.

இந்த முறை கோச்சடையில் அம்மா வீட்டுக்குப் போனபோது அதே கூத்தை நானே அடித்தேன். அம்மா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து, பக்கத்து வீட்டு மும்தாஜ் அக்காதான் குளிக்கவைத்து, சோறூட்டிப் பார்த்துக்கொள்கிறார். எனக்கு விடுப்பு மூன்று வாரம். அதற்குள் ஈடுகட்டிவிட வேண்டுமென்று ஒரே பரபரப்பு. டைம் பேங்கை விளக்கிவிட்டு, "தெனமும் எம்புட்டு நேரம் அம்மாகூட இருந்தீங்கன்னு சொல்லுங்கக்கா. அம்புட்டு நேரமும் ஒங்களுக்குத் தச்சுத் தாரேன்" என்றேன்.

அதுவரை ஆர்வமாகக் கேட்டுக்கொண்டிருந்தவரின் முகம் மாறியது.

"சரிக்குச் சரி முடிச்சிட்டுப் போகலாம்னு வந்தியா செல்வி? அப்புறம் எனக்கு இந்த வீட்ல என்ன இருக்கு?"

மறுநாள் அவர் வரவில்லை. அம்மா வாசலையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். நான் ஊட்டியதில் பாதி தட்டிலேயே இருந்தது. நான் விமானம் ஏறியபின் அம்மாவுக்கு யார்? மன்னிப்புக் கேட்கத்தான் அக்கா வீட்டுக்குப் போனேன். வாயில் வந்தது வேறு.

"கொஞ்சம் கொழம்பு குடுங்கக்கா. நான் வச்சதை அம்மா சாப்பிட மாட்டேங்குது."

 அக்கா அடுப்படி ஆணியில் தொங்கிய தூக்குவாளியை எடுத்துக் குழம்பை ஊற்றினார். "காலைலயே வந்து கேட்டா என்ன? வா, நானே வாரேன்."

கிளம்பும் நாளில் தூக்குவாளியைக் கழுவி, சர்க்கரை போட்டுக் கொண்டுபோனேன். எங்கள் தெருவில் பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரமாட்டோம். அக்கா வாங்கவில்லை.

"ஓங்கிட்டயே இருக்கட்டும். அடுத்து வாரப்ப கொண்டா."

அக்கா தினமும் வருவதாக அம்மா போனில் சொல்கிறாள். அங்கே அந்த ஆணி காலியாக இருக்கும். இங்கே தூக்குவாளியை மாட்ட ஆணி இல்லை. பீட்டர் சரிசெய்த குழாயின் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.